நிற்காத பேதிக்குக் காரணம் என்ன?

ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் அளித்த செய்தி





இந்த முறை நாங்கள் பேச எடுத்துக்கொண்ட காரியம், சபை நடுவே யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரியம். காய்ச்சல் என்றால் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறோம். இருதய வியாதி என்றால் பெயர் சொல்லி ஜெபிக்கக் கேட்கிறோம். "மூன்று வருஷமாய் எனக்கு வயிற்றாலே போகிறது, இரத்தமும் கலந்து போகிறது" என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? ஆனால் அருப்புக்கோட்டைத் தறிகளிலும் திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காடுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கலியாண வீட்டுக்குப் போகமாட்டார்கள். பஸ் ஏறுகிற அன்றைக்குப் பட்டினி கிடப்பார்கள். கோயிலில் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்காருவார்கள். அவர்களுக்காகவே இந்தச் செய்தி.

முதலில் வியாதியின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். குடல் அழற்சி நோய் என்று ஒன்று உண்டு. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசை மாறிக் குடலைத் தாக்கி, அதைப் புண்ணாக்கிவிடுகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல; சாபமும் அல்ல. இதில் இரண்டு வகை முக்கியமானவை. பெருங்குடலின் உள்தோலை மட்டும் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைடிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வந்து, குடற்சுவரின் முழுக் கனத்தையும் தாக்கக்கூடியது குரோன் நோய். 1932-ல் நியூயார்க்கில் டாக்டர் பர்ரில் குரோன் தம் இரண்டு தோழர்களோடு இதைப்பற்றி எழுதியதால் அந்தப் பெயர் நிலைத்தது.

"அது வெள்ளைக்காரர் வியாதி" என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பஞ்சாபில் டாக்டர்கள் வீடுவீடாய்ச் சென்று 51,910 பேரை விசாரித்துப் பார்த்தார்கள். அவர்களில் 23 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருந்தது. லட்சம் பேருக்குச் சுமார் 44 பேர் என்று 2003-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆகவே இது நம் நாட்டு வியாதியும்தான்.

இந்த வியாதி உள்ளவருக்குப் பேதி ஏன் ஆகிறது என்று அறிய, குடல் செய்கிற வேலையைச் சற்று அறிய வேண்டும். நாம் குடிக்கிற தண்ணீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு அல்லது ஒன்பது லிட்டர் நீர் நம் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்று, ஒன்றரை லிட்டர்தான் பெருங்குடலுக்கு வருகிறது. அதிலும் கால் லிட்டருக்குக் குறைவாகவே மலத்தோடு வெளியே போகிறது. கண்மாய் மடையைத் திறந்து, வயல் வயலாய்ப் பாய்ச்சி, கடைசியில் கால்வாயில் கொஞ்சம் கசிவு மிஞ்சுகிற மாதிரி. வழியில் எந்த வயல் தண்ணீரை ஏற்காமல் போனாலும் கடைசிக் கால்வாயில் வெள்ளம் வரும். வெள்ளத்தைக் கண்டு, கடைசி வயல்தான் கெட்டது என்று சொல்லிவிட முடியுமா? வரப்போடு நடந்து பார்த்தால்தானே தெரியும்!

உங்களிடம் நாங்கள் சொல்ல வந்த ஒரே காரியம் அதுதான். குடல் அழற்சி நோய் உள்ளவருக்குப் பேதி நிற்கவில்லை என்றால், அது எப்போதும் அந்தப் பழைய வியாதியின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் போகிறது என்று ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கேட்க வேண்டும். கேட்காமல் மருந்தைக் கூட்டினால், மருந்தே ஆபத்தாகலாம்.

ஒரு நெசவாளிச் சகோதரரை நினைத்துக்கொள்ளுங்கள். கொலைடிஸ் என்று மதுரையில் குழாய் விட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, படிப்படியாய்க் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள். நன்றாய்க் கேட்டது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பேதி. குழித்தறியில் உட்கார்ந்தவர் நாளைக்குப் பத்துமுறை எழுந்தால் பாவு எப்படி ஓடும்? வேலை போனால் கூலி போகும். ஆகவே பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறார். அதே ஸ்டீராய்டு. இரண்டு நாள் தெம்பாய் இருக்கிறது. பிறகு முன்னைவிட மோசம்.

இந்த முறை அவருக்கு வந்தது பழைய கொலைடிஸ் அல்ல, அமீபா கிருமியாய் இருந்தால்? பல நாளுக்கு ஒருமுறை வருகிற தண்ணீரைக் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைத்துக் குடிக்கிற நம் ஊர்களில் அது அரிதான காரியமல்ல. சீதமும் இரத்தமுமாய்ப் போவது இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். கொலைடிஸுக்கு ஸ்டீராய்டு அக்கினியை அணைக்கிற தண்ணீர். அமீபாவுக்கோ அது எண்ணெய். குடலில் ஓட்டை விழுகிற அளவுக்குக் கொண்டுபோய்விடும். இதைக் கண்டுபிடிக்க வேண்டிய முதல் பரிசோதனை என்ன? அப்போது எடுத்த மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது. சிறிய ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய காரியம்.

அமீபா மாத்திரமல்ல. ஷிகெல்லா போன்ற சீதபேதிக் கிருமிகள் உண்டு. வேறு எதற்கோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டபின் குடலில் பெருகுகிற கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி உண்டு. ஸ்டீராய்டினால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் குடலில் விழித்தெழுகிற ஒரு வைரஸும் உண்டு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோல் வழியாய் ஏறி, வருஷக்கணக்காய் உள்ளே ஒளிந்திருக்கிற ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்போன்ற புழு, ஸ்டீராய்டு கொடுத்ததும் பெருகி உடம்பெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கும். ஆகவேதான் எங்கள் டாக்டர்கள் மருந்துச் சீட்டு எழுதுமுன் மலச் சீட்டு எழுதுகிறார்கள். "ஐயா, மாத்திரை கேட்டு வந்தால் டப்பாவைக் கொடுக்கிறார்களே" என்று வியாதியஸ்தர் எங்களிடம் முறையிடும்போது, இந்தக் காரணத்தைத்தான் நாங்கள் பொறுமையாய் விளக்குகிறோம்.

இரண்டாவது, திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற ஓர் இளம்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பம். சாயங்காலமானால் காய்ச்சல், வலது அடிவயிற்றில் வலி, பேதி, உடம்பு மெலிவு. குழாய் விட்டுப் பார்த்தால், சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் புண். அது குரோன் நோயாகவும் இருக்கலாம். குடல் காசநோயாகவும் இருக்கலாம். இரண்டும் அதே இடத்தில் வரும், ஒரே முகம் காட்டும். சதைத்துண்டு எடுத்துச் சோதித்தும் பிரித்தறிய முடியாமல் பெரிய நிபுணர்களும் திகைக்கிற சமயங்கள் உண்டு.

இங்கே தவறினால் என்ன ஆகும்? காசநோயைக் குரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் உடம்பெங்கும் பரவும். குரோன் நோயைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால், அதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம், கல்லீரலும் கெடலாம். ஆகையால் சந்தேகம் தீராத இடத்தில் நம் நாட்டு டாக்டர்கள் முதலில் காசநோய்க்கு மருந்து தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய் என்று அறிந்து ஆறு மாத மருந்தை முடிக்கிறார்கள். ஆறவில்லை என்றால் குரோன் நோயின் வைத்தியத்துக்குத் திரும்புகிறார்கள். காசநோய் மருந்தை அரசாங்கம் இலவசமாய்த் தருகிறது. ஆனால் அந்த இரண்டாவது பரிசோதனைக்கு அந்தப் பெண் திரும்பி வர வேண்டுமே! காய்ச்சல் நின்றுவிட்டால் ஏன் மறுபடியும் மதுரைக்குப் பஸ் ஏறவேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள். ஒரு நாள் கூலியும் துணைக்கு வருகிறவரின் கூலியும் போகிறது. உங்கள் காணிக்கை வேலைசெய்கிற இடங்களில் இது ஒன்று. யாருடைய கண்ணிலும் படாத ஒரு பஸ் கட்டணம், சரியான வைத்தியத்துக்கும் தவறான வைத்தியத்துக்கும் நடுவே நிற்கிறது.

மூன்றாவது, ஆபரேஷன் ஆன ஒருவர். குரோன் நோயினால் சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வியாதி அடங்கிவிட்டது, பேதி அடங்கவில்லை. தண்ணீராய்ப் போகிறது, சாப்பிட்டவுடன் போகிறது. வியாதி திரும்பிவிட்டது என்று குடும்பமே கலங்குகிறது. பித்தநீரின் உப்புகளைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்புவது அந்தக் கடைசிப் பகுதியின் வேலை. அது இல்லாதபோது பித்தம் பெருங்குடலுக்குள் இறங்கி, அதை எரிச்சல்படுத்தி நீரைச் சுரக்கச் செய்கிறது. இதற்கு ஸ்டீராய்டினால் பயனில்லை. பித்தத்தைப் பிடித்துக் கட்டுகிற கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து பலருக்குக் கேட்கிறது. நீளமான பகுதியை எடுத்துவிட்டிருந்தால் கொழுப்புச் செரிக்காமல் எண்ணெய்ப் பசையாய்ப் போகும்; அப்போது அந்தத் தூள் உதவாது, உணவில் எண்ணெயைக் குறைக்க வேண்டும். வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவதும் அந்தப் பகுதியே. ஆகவே அவருக்கு அந்த ஊசியும் தேவைப்படலாம்.

இன்னும் சில காரணங்களைச் சுருக்கமாய்ச் சொல்கிறோம். குடல் ஓரிடத்தில் சுருங்கிப் போனால் மேலே தேங்குகிற உணவில் கிருமிகள் பெருகி, வயிறு உப்பிப் பேதியாகும். நம் தென்னாட்டில் வயதுவந்தவர் பலருக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. "உடம்பு தேற வேண்டும்" என்று இரண்டு வேளையும் பால் காய்ச்சிக் கொடுக்கிற தாயின் அன்பே சில பிள்ளைகளுக்குப் பேதியாகிறது. அவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற வலி மாத்திரைகள் அடங்கின புண்ணைத் தூண்டிவிடலாம். சர்க்கரை வியாதிக்குச் சாப்பிடுகிற மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மெக்னீசியம் சேர்ந்த மருந்தும் பேதியாக்கும். அபூர்வமாய், கொலைடிஸுக்கென்று கொடுக்கிற மெசலமினே சிலருக்கு ஒவ்வாமல் பேதியைக் கூட்டுகிறது. மலக்குடலில் மட்டும் புண் உள்ள சிலருக்கு மேலே மலம் இறுகிக் கிடக்கும். கீழே சளியும் இரத்தமும் மட்டும் அடிக்கடி வரும். அவர் பேதி என்கிறார். உண்மையில் அது மலச்சிக்கல்!

கடைசியாய் ஒன்று. பரிசோதனைகளில் புண் முழுவதும் ஆறியிருக்கும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற அழற்சி அடையாளத்தை அளந்து பார்த்தாலும் குறைவாய் இருக்கும். ஆனாலும் போய்க்கொண்டே இருக்கும். நெடுநாள் புண்ணாயிருந்த குடல் ஆறினபின்பும் தொட்டாற்சிணுங்கியாய் நிற்பதுண்டு. பயமும் கவலையும் அதைக் கூட்டும். இது நடிப்பல்ல, மனப்பிரமையும் அல்ல. இதற்கு வேறு மருந்து, வேறு ஆலோசனை, வேறு பொறுமை வேண்டும். ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று கேட்கிற இந்தப் பழக்கம் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதல்ல. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கின வைத்தியம் பெரிய கல்லூரியாய் வளர்ந்தது. 1960-களில் அப்போதைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் நிற்காத பேதியினால் ஜனங்கள் மெலிந்து மடிந்தபோது, வேலூர் டாக்டர்கள் செல்வின் பேக்கரும் மாத்தனும் அந்தக் கிராமங்களை நாடிச் சென்று ஆராய்ந்தார்கள். வெறும் சீதபேதி என்று தள்ளிவிடாமல், குடல் சத்தை ஏற்காமல் போகிற ஸ்புரூ என்ற வியாதியின் தன்மையை உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்கள். வரப்போடு நடந்து பார்த்தவர்கள் அவர்கள்.

சாப்ளின்மாருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறீர்கள். டாக்டரிடம் "நாலைந்து தரம் போகிறது" என்று சொல்பவர், சாயங்காலம் நாங்கள் படுக்கையருகே உட்காரும்போதுதான், இராத்திரி மூன்றுதரம் எழுந்திருப்பதையும், துணியிலேயே போய்விடுவதையும், மனைவியிடமும் மறைத்ததையும் சொல்கிறார். தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, வெறும் குடல் சிணுங்கலினால் பெரும்பாலும் வராது. உள்ளே உண்மையான கோளாறு இருக்கிறது என்பதற்கு அடையாளம். வெட்கத்தினால் மறைத்த அந்த ஒரு வார்த்தை வைத்தியத்தையே மாற்றிவிடும். அவருடைய அனுமதியோடு அதை டாக்டரிடம் சேர்ப்பிக்கிறோம். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்தின ஸ்திரீ வெட்கத்தோடு மறைந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆண்டவர் அவசர வேலையாய்ப் போய்க்கொண்டிருந்தும் நின்றார். அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். எங்கள் ஊழியத்தின் மாதிரி அதுவே.

உங்கள் வீட்டிலோ சபையிலோ இந்த வியாதி உள்ளவர் இருந்தால், நான்கு காரியங்களை மனதில் வையுங்கள்.

பேதி திரும்பினால் பழைய சீட்டோடு மருந்துக்கடைக்குப் போகவேண்டாம். டாக்டரிடம் வந்து மலப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். அதேசமயம், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் பயந்துபோய் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது; அதுவும் உயிருக்கு ஆபத்து.

ஒரு நாளில் ஆறுமுறையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், காய்ச்சலும் நாடித்துடிப்பு வேகமும் சேர்ந்தாலோ, வயிறு வீங்கினாலோ, அன்றே ஆஸ்பத்திரியில் சேருங்கள். அந்த நிலையில் பேதியை நிறுத்துகிற மாத்திரையைக் கொடுக்கவேண்டாம். பெருங்குடல் செயலற்று ஊதிப்போகும்.

தண்ணீரை நிறுத்தாதேயுங்கள். "குடித்தால்தானே போகும்" என்று நாவை வறளவிடுவது நம் ஊர் வழக்கம். 1971-ல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பங்காவ் முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொண்டே திரளான காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குழைந்த சோறும், ஒத்துக்கொண்டால் உப்பிட்ட மோரும் கொடுங்கள். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதேயுங்கள்.

நான்காவது, கழிப்பிடம். இந்த வெட்டவெளி நாட்டில், இருட்டும்வரை காத்திருந்து காட்டுப்பக்கம் ஒதுங்குகிற ஒரு பெண்ணுக்கு இந்த வியாதி வந்தால் அவள் படுகிற பாட்டை நினைத்துப்பாருங்கள். சபையார் கோயிலைப் புதுப்பிக்கும்போது, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையை வாசலுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் அப்போது கொஞ்சம் முன்னால் வந்து உட்காருவார்.

அன்பானவர்களே, இந்த வியாதியை முற்றிலும் நீக்குகிற மருந்து இன்னும் இல்லை. ஆனால் அதை அடக்கி வைக்க நல்ல மருந்துகள் உண்டு. காரணம் சரியாய்த் தெரிந்தால் தறிக்குத் திரும்பலாம், கலியாணத்துக்குப் போகலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். மைக்ராஸ்கோப்பும், மலப் பரிசோதனைக்கு வேண்டிய சாமான்களும், ஏழைகள் திரும்பி வருவதற்கான பஸ் கட்டணமும் உங்கள் தாங்குதலால் நடக்கின்றன. இவற்றுக்குக் கல்வெட்டு வைத்துத் திறப்புவிழா நடத்த முடியாது. ஆனாலும் இவைகளால்தான் ஒரு மனிதன் தவறான மருந்துக்குத் தப்புகிறான்.

தொடர்ந்து தாங்குங்கள். அடுத்த ஜெபக்கூட்டத்தில், வயிற்றுப்போக்கினால் வருந்துகிறவர்களுக்காக என்று ஒரு வார்த்தையைச் சத்தமாய்ச் சொல்லி ஜெபியுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர் மறுநாள் எங்கள் வாசலுக்கு வருவார்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.